வெள்ளிக்கிழமை போய்த் திரும்பி வந்தவருக்கு: கோட்டை அருங்காட்சியகம் மூடப்படவில்லை

சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தை நிரந்தரமாக மூடிவிட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். மூடவில்லை. நீங்கள் பிள்ளைகளோடு போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பியது வெள்ளிக்கிழமை. அதுதான் அங்கே வார விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிதான் விடுமுறை, அதனால் மாற்றாக அங்கே போயிருந்தாலும் இதே கதைதான்.

சனிக்கிழமை காலையிலேயே போய்ப் பாருங்கள். நீங்கள் கேட்ட பழைய ஓவியங்கள் மாடியில்: ஆளுயரத்துக்கும் மேலான எண்ணெய் வண்ண உருவப்படங்கள். ஆனால் பிள்ளைகளை முதலில் 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியிடம் கூட்டிப்போங்கள். பட்டுத்துணி, கண்ணாடிப் பேழைக்குள், மங்கலான வெளிச்சத்தில் இருக்கிறது. துணி நைந்துபோயிருப்பது கண்ணுக்கே தெரியும். எனக்கு அங்கே நின்றால் பேச்சு வராது.

தலைமைச் செயலகமும் அதே வளாகம், வாசலில் சோதனை உண்டு. ஆதார் மாதிரி ஏதாவது அடையாள அட்டை கையில் இருக்கட்டும். சட்டமன்றம் நடக்கும் நாட்களில் கெடுபிடி கூடும்.

அப்புறம், வெள்ளிக்கிழமைதான் முடியும் என்றால் பாரிமுனை அரண்மனைக்காரன் தெருவில் 1772இல் கட்டிய ஆர்மீனியன் தேவாலயம் இருக்கிறது. முற்றத்துத் தரையில் ஆர்மீனிய எழுத்து பொறித்த கல்லறைக் கற்கள். பிள்ளைகள் குனிந்து விரலால் தடவிப் பார்ப்பார்கள். மதியத்துக்கு முன்பே போய்விடுங்கள்.