மாடியை விடுங்கள், கொல்லைப் பக்கம் பாருங்கள்

கேள்வி: பள்ளி ஆசிரியையாக இருந்து இந்த மே மாதம் ஓய்வு பெற்றேன். வயது 60. கணவருக்கு 63, இரண்டு முழங்காலிலும் வலி. சென்னை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மயிலாடுதுறைக்குப் பக்கத்துக் கிராமத்தில் கணவரின் தாத்தா கட்டிய வீட்டுக்கே போய்விடலாம் என்றிருக்கிறோம். ஏறக்குறைய 80 வருட வீடு. செங்கல்லை மண் சாந்தில் வைத்துக் கட்டிய சுவர், நாட்டு ஓடு, நடுவில் முற்றம். கழிவறை கொல்லைக் கோடியில். ஓட்டைப் பிரித்துவிட்டு அதே சுவர்மேல் கான்கிரீட் தளம் போட்டு, முற்றத்தை மூடி, மாடியில் பாத்ரூமோடு இரண்டு அறை எழுப்பித் தருவதாகச் சொல்கிறார் ஒரு காண்ட்ராக்டர். பெங்களூரில் இருக்கும் மகனும் நியூஜெர்சியில் இருக்கும் மகளும் வந்தால் வசதியாக இருக்குமே என்கிறார் கணவர். 38 லட்சம் ஆகுமாம். எனக்கு வந்த பணம் மொத்தம் 52 லட்சம். முற்றத்தை மூட எனக்கு மனசில்லை. நாத்தனார் ஒருத்தி உண்டு, அவள் எதிலும் தலையிட மாட்டாள். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகனுக்கு அறை இருக்கிறது, மகளுக்கு அறை இருக்கிறது. முழங்கால் வலிக்காரர் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தால் எங்கே போவார் என்பது மட்டும் அந்தத் திட்டத்தில் இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு கொல்லைக் கோடிக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் 38 லட்சம் கொட்டிக் கட்டிய மாடிக்குப் படியேற வேண்டும். பிள்ளைகள் வருஷத்துக்கு எத்தனை நாள் வருவார்கள்? பொங்கலுக்கு நாலு நாள், கோடையில் பத்து நாள். மிச்ச நாளெல்லாம் அந்த வீட்டில் இருக்கப்போவது நீங்கள் இருவர்தான்.

அந்த மாடியையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஐந்து அங்குலக் கனத்தில் கான்கிரீட் தளம் போட்டால், பத்துக்குப் பத்து அறைக்கு மட்டும் மூன்று டன்னுக்குப் பக்கம் எடை வரும். அதன்மேல் சுவர், சுவர்மேல் இன்னொரு தளம், உச்சியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி. தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். உங்கள் சுவர் கைமரத்தையும் ஓட்டையும் தாங்கக் கட்டியது. மண் சாந்துச் சுவர் காய்ந்திருக்கும்வரை கல் மாதிரி நிற்கும், தண்ணீர் பட்டால் கரைய ஆரம்பிக்கும். மாடி பாத்ரூம் குழாய் என்றைக்காவது ஒருநாள் கசியாமல் இருக்காது. போதாக்குறைக்கு உங்கள் ஊர் மண் காவிரிப் படுகைக் களிமண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் உப்பும். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று பார்க்க அந்தக் காண்ட்ராக்டர் ஓர் இடத்திலாவது தோண்டினாரா? “ஒண்ணும் ஆகாதும்மா, நான் பார்த்துக்கிறேன்” என்பாரானால், அதையே ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கையெழுத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரும் இன்ஜினியர் கிடைப்பது கஷ்டம்.

நான் சொல்வது இதுதான்: பழைய வீட்டின் தலையில் எதையும் ஏற்றாதீர்கள். கொல்லைப் பக்கமாக, தரைத்தளத்திலேயே, பில்லர் போட்டு ஒரு படுக்கையறையும் ஒரு பாத்ரூமும் புதிதாகக் கட்டிக்கொள்ளுங்கள். அறை 14க்கு 12 அடி, பாத்ரூம் 8க்கு 6 அடி போதும். (எங்கள் பக்கத்தில் ‘கொல்லைக்குப் போவது’ என்றால் வேறு அர்த்தம். இங்கே இரண்டு அர்த்தமும் பொருந்துகிறது.) கணவருக்கு மாடி ஆசை தீரவில்லையா, அந்தப் புதுப் பகுதியின் அஸ்திவாரத்தை மட்டும் ஒரு மாடி தாங்குகிற மாதிரி போடச் சொல்லுங்கள். வேண்டுமானால் ஐந்து வருஷம் கழித்து அங்கே எழுப்பலாம்.

இதில் ஒரு விஷயத்தை மேஸ்திரியிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். புதுச் சுவரைப் பழைய சுவரோடு பல் வைத்து இணைக்கக் கூடாது. பழைய வீடு இறங்க வேண்டிய மட்டும் இறங்கி அடங்கிவிட்டது. புதுசு இனிமேல்தான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இரண்டையும் கட்டிப்போட்டால் சேர்கிற இடத்தில் மேலிருந்து கீழ்வரை விரிசல் விடும், எத்தனை தரம் பூசினாலும் திரும்ப விடும். நடுவே ஓர் அங்குலம் இடைவெளி விட்டு, உள்ளே தெர்மோகோல் பட்டை கொடுத்து, மேலே தகரமோ அலுமினியப் பட்டையோ ஒரு பக்கம் மட்டும் அடித்து மூடச் சொல்லுங்கள். கூரை சேரும் இடத்தில் தண்ணீர் போக வாய்க்கால் தகரம் அவசியம். தரைமட்டம் மட்டும் பழைய வீட்டோடு ஒரே மட்டமாக இருக்கட்டும். “ஒரு படி தானே” என்பார்கள். விழுகிறவர்கள் அந்த ஒரு படியில்தான் விழுகிறார்கள்.

பாத்ரூமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பணம் போக வேண்டிய இடம் அதுதான். கதவு மூன்று அடி அகலம், வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்ளே திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கிற வகையாக இருக்கட்டும். கம்மோடு வாங்கப் போகும்போது கணவரைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்த்திப் பாருங்கள். கடையில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 18 அங்குல உயரம் முழங்கால் வலிக்காரர்களுக்குத் தோதாக இருக்கும், சாதாரணமாகக் கிடைப்பது அதைவிடத் தாழ்வு. பக்கச் சுவரிலிருந்து கம்மோடின் நடுமத்திக்கு ஒன்றரை அடி விட்டால், சுவரில் போடும் கைப்பிடிக் கம்பி கைக்கு எட்டும். கம்பி வரும் சுவரைச் செங்கல்லில் கட்டச் சொல்லுங்கள். ஹாலோ பிளாக்கில் போல்ட் பிடிக்காது, அவசரத்தில் முழு எடையையும் போட்டு இழுக்கிறபோது பிடுங்கிக்கொண்டு வரும். தரைக்குப் போடும் டைல்ஸைக் கேட்லாக்கில் பார்த்து எடுக்காதீர்கள். ஒன்றைக் கீழே போடச் சொல்லி, சோப்புத் தண்ணீரைக் கொட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை. குளிக்கும் மூலை பக்கமாக வாட்டம் இருக்கட்டும், கம்மோடு பக்கம் தண்ணீர் நிற்கவே கூடாது. செப்டிக் டேங்க் கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளிப் போக வேண்டும். கொல்லை நீளமாக இருக்கும் என்பதால் இடம் கிடைத்துவிடும்.

வாசல் பக்கம் மூன்று படியும் திண்ணையும் இருக்குமே, அங்கே சரிவுப் பாதை போட நினைக்காதீர்கள். ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும், ஒன்றரை அடி என்றால் 18 அடி. தெருவில் அதற்கு இடம் கிடையாது. கொல்லைப் பக்கம் சந்து இருந்தால் சரிவை அங்கே போடுங்கள். ஆட்டோவோ ஆம்புலன்ஸோ வந்து நிற்க அதுதான் வழி. வீட்டுக்குள்ளே இருக்கும் நிலைப்படிகளையும் அறுக்க வேண்டாம். மஞ்சள் பூசிக் கும்பிட்ட படி, அறுத்தால் உங்களுக்கே மனசு உறுத்தும். இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி மரப்பலகை வைத்தால் கால் தட்டாது.

இனி முற்றம். மூடாதீர்கள். மூடினால் கூடம் பகலிலேயே இருட்டு, காற்றும் போச்சு. குரங்குக்கும் திருட்டுக்கும் மேலே இரும்புக் கிராதி போட்டு, சாரலுக்கு அதற்கு மேல் ஓர் அடி தூக்கி பாலிகார்பனேட் ஷீட் போடலாம், பக்கவாட்டில் காற்று வரும். ஆபத்து என்று பார்த்தால் முற்றத்தில் இறங்கும் விளிம்புதான். மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும். ஒரு பக்கத் தூணிலிருந்து அடுத்த தூணுக்குக் கைப்பிடிக் கம்பி, விளிம்பில் நாலு அங்குலம் வேறு நிறத்தில் ஒரு பட்டை, அவ்வளவுதான். முற்றத்துத் தண்ணீரைக் கிணற்றுக்கு விட முடியுமா என்று பாருங்கள். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றதும் சென்னையில் நாங்கள் பைப்புக்கு அலைந்தது நினைவிருக்கிறது. உங்கள் வீடு அந்த வேலையில் பாதியை அப்போதே முடித்து வைத்திருக்கிறது.

சுவர் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். திருவாரூர்ப் பக்கம் என் அம்மா வீட்டில் கீழ்ச் சுவரில் ஓதம். மேஸ்திரி சொன்னார் என்று நாலு அடி உயரத்துக்குப் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசினோம். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டே மழை. ஓதம் நாலு அடிக்கு மேலே ஏறி, சுவாமி படங்கள் மாட்டிய இடத்தில் உப்புப் பூத்தது. சுண்ணாம்பு மூச்சு விடும், ஈரம் வழியிலேயே உலர்ந்துவிடும். சிமெண்ட் வழியை அடைத்ததும் ஈரம் மேலே ஏறிவிட்டது. திரும்பச் சுண்ணாம்பு பூச ஆள் தேடியதில் பூச்சுக் கூலியைவிட அலைச்சல் அதிகம். ஆகவே பழைய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு, சுண்ணாம்பு வெள்ளை. பளபள பெயிண்ட் வேண்டாம்.

கூரைக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். கைமரம் சுவரில் உட்காரும் முனையில் குத்திப் பாருங்கள். ஆணி மாதிரி முட்டி நின்றால் மரம் நன்றாக இருக்கிறது, புட்டில் இறங்குவது போல இறங்கினால் கரையான் வேலை முடிந்தது. கெட்டதை மட்டும் மாற்றினால் போதும். வயரிங் மரப்பட்டையில் ஓடினால் முழுசாகப் பிடுங்கிவிட்டுப் புதிது போடுங்கள், இதில் பேரம் வேண்டாம். சரியான எர்த், மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., கட்டில் பக்கத்திலும் கதவருகிலும் ஒரே விளக்குக்கு இரண்டு சுவிட்சு.

பிள்ளைகள் வந்தால்? உள்ளே இருக்கும் பழைய அறை அவர்களுக்கு. ஒரு ஏசி மாட்டி, கொல்லைக் கழிவறையைச் செப்பனிட்டு, அங்கே போகிற வழி நெடுக கூரையும் விளக்கும் போட்டுவிடுங்கள். பேரன் பேத்திகளுக்குக் கூடத்தில் பாய் விரித்தால் அதைத்தான் ஊருக்குப் போய்ச் சொல்வார்கள்.

அப்புறம், நாத்தனார். “தலையிட மாட்டாள்” என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். தாத்தா வீட்டில் அவருக்கும் சட்டப்படி பங்கு இருக்கலாம். இன்றைக்கு அவர் கேட்காமல் இருக்கலாம், நாளைக்கு அவர் பிள்ளைகள் கேட்கலாம். ஒரு கல் வைப்பதற்கு முன் உட்கார்ந்து பேசி, பாகப்பிரிவினையோ, பங்கை விட்டுக்கொடுப்பதாக அவர் எழுதித் தரும் விடுதலைப் பத்திரமோ பதிவு செய்துகொள்ளுங்கள். கொடுப்பதைக் கொடுங்கள், அதையும் வீட்டுச் செலவோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உங்கள் பணத்தில் கட்டுகிறீர்கள், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். உங்கள் பக்கத்தில் பல மனைகள் கோயில் மனை, மடத்து மனை. அடிமனை வாடகை ரசீது ஏதாவது பழைய டிரங்குப் பெட்டியில் இருந்தால், கட்டுவதற்கு முன் அவர்களிடமும் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். ஊராட்சியிடம் கட்டட அனுமதி வாங்குவது தனி.

பணத்துக்கு என் கணக்கு வேறு. 52இல் 30 லட்சத்தை முதலில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டுவிடுங்கள். ஒருவருக்கு உச்சவரம்பே அதுதான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும். மிச்சத்திலும் ஐந்து லட்சம் ஆஸ்பத்திரிக்கு என்று தொடாமல் இருக்கட்டும். கட்டடத்துக்கு என்ன மிஞ்சுகிறதோ அதற்குள் திட்டம் போடுங்கள். பழைய வீட்டில் எதைப் பிரித்தாலும் உள்ளே வேறொன்று கிளம்பும், ஆகவே அதிலும் ஐந்தில் ஒரு பங்கைக் காண்ட்ராக்டரிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பிக்க அவசரம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அந்த வீட்டில் போய் இருங்கள். எங்கே ஒழுகுகிறது, எந்தச் சுவரில் ஓதம், கொல்லையில் தண்ணீர் எந்தப் பக்கம் தேங்குகிறது என்பதை அடைமழையே காட்டிக்கொடுக்கும். சாக்பீஸால் அங்கங்கே கோடு போட்டு, செல்போனில் படம் எடுத்து வையுங்கள். தை பிறந்ததும் வேலையை ஆரம்பித்தால் வெயிலுக்குள் முடிக்கலாம்.

ஓட்டைப் பிரித்து மாற்றும்போது மிஞ்சும் நல்ல ஓடுகளை யாராவது விலைக்குக் கேட்பார்கள். கொடுத்துவிடாதீர்கள். நாட்டு ஓடு செய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஒரு முந்நூறு ஓடாவது கொல்லைச் சுவரோரம் அடுக்கி வையுங்கள். அந்தக் குரங்குகள் இன்னும் அங்கேதானே இருக்கின்றன?