தொலைநோக்கி இல்லாத காலத்தில் நம் முன்னோர் வானியலுக்கு உண்மையில் ஏதாவது செய்தார்களா, அல்லது எல்லாம் வெறும் பெருமைப் பேச்சா?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘நாசாவே வியந்தது’ என்று ஏதோ வந்திருக்கும், அந்த எரிச்சலில் கேட்டிருப்பீர்கள். எரிச்சல் நியாயம்தான். ஆனால் மொத்தத்தையும் வெறும் பெருமை என்று தள்ளுவதை என்னால் ஏற்க முடியாது.

2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம். பெங்களூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தேன். மேல்தளத்துக்காரரும் வந்திருந்தார். தமிழர்தான், நிறையப் படித்தவர். என் கையில் இருந்த பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் இன்டர்நெட்டில் பார்த்துப் போடுறது சார், இவங்களுக்கு என்ன கணக்குத் தெரியும்?” என்றார். என் தாத்தா கும்பகோணம் பக்கத்தில் பஞ்சாங்கம் கணித்தவர். அடுத்தடுத்து வாக்கியங்களை முணுமுணுத்தபடி அவர் திதி கணக்கிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன் நான். சுருக்கென்று தைத்தது. அன்று மேல்தளத்துக்காரரிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

தாத்தா முணுமுணுத்தவை சந்திர வாக்கியங்கள், அதாவது நிலாவின் நிலையைச் சொல்லும் மனப்பாடத் தொடர்கள். மொத்தம் 248. வரருசி என்ற பழைய வானியலாளர் இயற்றியவை என்பது மரபு. ஒவ்வொன்றும் சின்னச் சமஸ்கிருதத் தொடர், அதன் எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. எந்த நாளில் நிலா எவ்வளவு நகர்ந்திருக்கும் என்பதை அந்தத் தொடர் சொல்லிவிடும். சரி, ஏன் 248? நிலா பூமிக்கு மிக அருகில் வரும் புள்ளியில் தொடங்கி மறுபடி அதே புள்ளிக்கு வர சுமார் 27.55 நாள் ஆகிறது. ஒன்பது சுற்றுக்கு 247.99 நாள். ஆக, 248 நாளில் பிழை கால் மணி நேரம்கூட இல்லை. வெறும் கண்ணால் பார்த்தே இதைப் பிடித்திருக்கிறார்கள்.

உடனே யாராவது சண்டைக்கு வருவார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். நான் சோதிடத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. எல்லாமே நம்மிடமிருந்துதான் போயிற்று என்றும் சொல்லவில்லை. இந்த 248 நாள் சுழற்சி பாபிலோனியர்களுக்கும் தெரியும் என்று நாய்கபவர் என்ற வரலாற்றாய்வாளர் காட்டியிருக்கிறார். அங்கே அந்த முறை வழக்கொழிந்தும் நம் தெருக்களில் உயிரோடு இருந்தது, அதுதான் எனக்குப் பெரிது.

இதற்குச் சாட்சியும் உண்டு. சென்னை வானாய்வகத்தில் முன்பு பொறுப்பு வகித்த ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரிடம் 1825 மே 31 இரவு நிகழ இருந்த சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். அந்த மனிதர் எழுதுகோலைத் தொடவே இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த அட்டவணைகளை வைத்தே போட்டு முடித்தார். கிரகணத் தொடக்கத்தில் பிழை வெறும் 4 நிமிடம். நடுப்பகுதியில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் தவறியது. அந்த 52-ஐ மறைத்துவிட்டு 4-ஐ மட்டும் ஃபார்வர்டு செய்வது அந்த மனிதருக்குச் செய்யும் அவமரியாதை.

    

 பழைய வாக்கியத்தையே பிடித்துக்கொண்டிருந்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும் என்பது நம்மவர்களுக்கும் தெரியும். கேரளத்து வானியலாளர் பரமேசுவரர் பல்லாண்டுகள் கிரகணங்களைப் பார்த்துக் குறித்து, 1431-இல் திருக்கணித முறையைத் தந்தார், அதாவது வானத்தில் தெரிவதோடு ஒப்பிட்டுக் கணக்கைத் திருத்தும் முறை. நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சென்னை வானாய்வகத்தில் உதவியாளர். 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்னும், ஒளி கூடிக் குறையும் மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, சாதாரண மக்களுக்குப் புரியும்படி அதைப் பற்றிப் புத்தகம் எழுதி, இந்திய மொழிகளிலும் வரச் செய்தார். வானத்தில் தெரிவதோடு பொருந்தும்படி பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று வைதிகர்களோடு மல்லுக்கட்டினார். அவர் வேலை பார்த்த அந்த வானாய்வகத்தின் வாரிசுதான் இங்கே கோரமங்கலாவில் இருக்கும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம். அந்த வாசலைத் தினமும் கடந்து போகும் தமிழர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பழைய வாக்கியங்களை வைத்துக் கணிக்கும் இந்த ஆண்டின் வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்று, திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒன்று வாங்குங்கள். ஒரு மாதத்துக்குத் திதி முடியும் நேரங்களை எதிரெதிரே எழுதுங்கள். சில நாட்களில் மணிக்கணக்கில் வித்தியாசம் வரும். ரகுநாதாச்சாரி எதற்காகச் சண்டை போட்டார் என்பதை அந்தத் தாளே சொல்லும்.