அலைப்பலகையில் நடுங்கும் கால் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 38, ஐ.டி. வேலை. சில மாதங்களாக வார இறுதியில் சென்னைக்குப் பக்கத்துக் கோவளம் போய் சர்ஃபிங் கற்றுக்கொள்கிறேன். பலகையில் எழுந்ததும் தொடை வெடவெடவென்று நடுங்கி விழுந்துவிடுகிறேன். ஜிம்மில் ஸ்குவாட் போட்டால் சரியாகுமா? இந்த வயதில் பேலன்ஸ் வருமா? சொல்லித்தரும் மீனவப் பையன்கள் அலட்சியமாக நிற்கிறார்கள், அவர்களுக்கு அது ரத்தத்திலேயே இருக்கிறது. வகுப்புக்குக் கேட்கும் பணம்தான் கொஞ்சம் அதிகம்.

எஸ்., சோழிங்கநல்லூர்

அன்புள்ள எஸ்.,

38 எல்லாம் ஒரு வயதா, விடுங்கள். ஸ்குவாட் போடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் சர்ஃபிங்கில் ஏறக்குறைய பாதி நேரம் குப்புறப் படுத்துக் கையால் துழாவுவதிலேயே போய்விடும், மிச்சத்தில் பெரும்பகுதி அலைக்குக் காத்திருப்பது, எழுந்து நிற்பது பத்தில் ஒரு பங்குகூட வராது. அந்தச் சில நொடிகளில் முட்டி மடங்கித் தாழும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே இறுக வேண்டும், பலகை சாயச்சாய கெண்டைக்காலும் கணுக்காலைச் சுற்றிய தசைகளும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும், திருப்புகிற வேலை பெரும்பாலும் பின்காலுக்கு. இதை யோசித்துச் செய்ய முடியாது. கண்ணும் உள்காதும் பாதமும் சொல்வதை வைத்து மூளை தானாகச் செய்துகொள்ளும், பல தடவை விழுந்த பிறகு. நீங்கள் பயத்தில் முட்டியை விறைத்து, இடுப்பை மட்டும் வளைத்து, காலையே பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். புதிதாக வருகிற பலரும் அப்படித்தான். போகிற திசையைப் பாருங்கள், கொஞ்சம் தேறும்.

சரி, அந்த 'ரத்தம்' விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாகவே இது என்னை உறுத்துகிறது, படித்தவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். பள்ளியில் என்னோடு படித்த ஒருவன் கடலூர்ப் பக்கத்துக் குப்பத்துப் பையன். அவன் அப்பா கட்டுமரத்தில் அவனை ஏற்றி அலை உடைகிற இடத்தைத் தாண்டக் கற்றுக்கொடுத்ததைக் கரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முட்டியை விறைத்தால் துடுப்பாலேயே காலில் ஒன்று விழும். அழுதுகொண்டே ஏறுவான், மறுபடி தண்ணீரில் கிடப்பான். ரத்தத்தில் இருந்தால் அவனுக்கு எதற்கு ஐயா அடி?

அதுவும் கோவளத்தில் இன்று உங்களுக்குச் சொல்லித்தருகிற பையன்களில் பலர் கட்டுமரத்தில் நின்றே இருக்கமாட்டார்கள், 2004 சுனாமிக்குப் பிறகு கரையெல்லாம் ஃபைபர் படகும் மோட்டாரும்தானே. மூர்த்தி மேகவன் என்ற அந்த ஊர் மீனவர் தானாகவே பலகையில் நிற்கக் கற்று ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார், அதற்குப் பிறகுதான் இத்தனை பேர். எல்லாம் பழக்கம். நீங்கள் சனிக்கிழமை ஒரு மணி நேரம் செய்வதை அவர்கள் வருஷக்கணக்கில் பள்ளிக்கூடத்துக்கு முன்னும் பின்னும் செய்திருக்கிறார்கள்.

பிறவியிலேயே வந்தது என்று நாம் சொல்லிவிட்டால் அது உழைப்பில் சேராது, உழைப்பில்லாததற்கு எதற்குக் கூலி என்று தோன்றும். கட்டணம் அதிகம் என்று நீங்கள் எழுதியதும் அதற்கு அடுத்த வரியில்தான் இருக்கிறது, கவனித்தீர்களா? உங்கள் கம்பெனியில் யாராவது உங்களிடம், கோடிங் உங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது, சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்க்கட்டும். அடுத்த வாரம் பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு, முட்டியை மடக்கி நில்லுங்கள்.