நாட்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்று கர்ப்பகால ரத்த அழுத்தத்தைக் கூட்டுமா?

கேள்வி: எனக்கு வயது 28. முதல் கர்ப்பம், இப்போது 14ஆவது வாரம். ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. பழைய தொற்றாகத்தான் இருக்கும் என்றார்கள். கல்லீரல் பரிசோதனை முடிவு இயல்பாக உள்ளது. பிபி 116/74. ஆனால் நாட்பட்ட வைரஸ் தொற்று இருந்தால் கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் என்று படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. என் அக்காவுக்கு முதல் பிரசவத்தில் பிபி ஏறி, 34ஆவது வாரத்திலேயே குழந்தையை எடுக்க வேண்டியதாயிற்று. அவருக்கு இந்தத் தொற்று இல்லை. எனக்கு எவ்வளவு ஆபத்து?

பதில்: உங்கள் அச்சம் முழுவதும் கிருமியின் மீது இருக்கிறது. என் கவனம் உங்கள் அக்காவைப் பற்றி எழுதிய அந்த ஒரு வரியில்தான் நின்றது.

முதலில் கிருமி. ஹெபடைடிஸ் பி தொற்றுக்கும் கர்ப்பகால ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டா என்று பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. தொடர்பே இல்லை என்றன சில. இந்தத் தொற்று உள்ள தாய்மாருக்கு முன்சூல்வலிப்பு (கர்ப்ப காலத்தில் பிபி ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நோய்) சற்றுக் குறைவாகவே வருகிறது என்றுகூடச் சில ஆய்வுகள் கண்டன. ஆகவே கல்லீரல் நல்ல நிலையில் உள்ள ஒருவரை, இந்தக் கிருமி இருக்கிறது என்பதற்காக மட்டும் பிபி ஆபத்துப் பட்டியலில் நாங்கள் சேர்ப்பதில்லை.

கிருமி வேறு வழியாக ரத்த அழுத்தத்தைத் தொடும் இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, கல்லீரல் சுருங்கித் தழும்பேறிய சிரோசிஸ் நிலை. உங்கள் பரிசோதனை முடிவை வைத்துப் பார்த்தால் அது இருக்க வாய்ப்புக் குறைவு. ஒரு ஸ்கேன் எடுத்தால் இன்னும் தெளிவாகும். மற்றொன்று சிறுநீரகம். ஹெபடைடிஸ் பி சிலருக்குச் சிறுநீரக வடிகட்டிகளைப் பாதித்து, சிறுநீரில் புரதம் கசிய வைக்கும். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் முன்சூல்வலிப்பு வரும் வாய்ப்பு நிச்சயமாகக் கூடும்.

இனி உங்கள் அக்கா. அவருக்கு வந்தது பெரும்பாலும் முன்சூல்வலிப்பாகத்தான் இருக்கும். 20 வாரத்துக்குப் பிறகு பிபி 140/90 அல்லது அதற்கு மேல் ஏறி, சிறுநீரில் புரதமோ கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகளில் பாதிப்போ சேர்ந்து வருவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுபோகும் கருப்பை நாளங்கள் போதிய அளவு விரியாததிலிருந்து பெரும்பாலும் இது தொடங்குகிறது. தாய்க்கோ உடன்பிறந்த சகோதரிக்கோ வந்திருந்தால் உங்களுக்கும் வாய்ப்புக் கூடுகிறது. முதல் கர்ப்பம் என்பதும் ஒரு காரணம். இப்படி நடுத்தர அளவிலான காரணங்கள் இரண்டு சேர்ந்தால், குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பது பற்றிப் பேசியாக வேண்டும். வழக்கமான அளவு தினமும் 75 முதல் 150 மில்லிகிராம். 16ஆவது வாரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் கிடைக்கும். நீங்கள் 14ஆவது வாரத்தில் இருக்கிறீர்கள். அடுத்த மாதப் பரிசோதனை வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் அக்காவின் கதையைச் சொல்லுங்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையும் கல்லீரலும் நன்றாக இருந்தால் ஹெபடைடிஸ் பி இதற்குத் தடையில்லை. நீங்களாக வாங்கிச் சாப்பிடத் தொடங்காதீர்கள்.

அந்தச் சந்திப்பில் இன்னொன்றையும் கேட்டுப் பெறுங்கள். கல்லீரல் நொதிகள் (கல்லீரல் பாதித்தால் ரத்தத்தில் கூடுபவை), தட்டணுக்கள், கிரியாட்டினின் (சிறுநீரகம் வேலை செய்யும் விதத்தைக் காட்டுவது), சிறுநீர்ப் புரதம் ஆகிய நான்கின் இன்றைய அளவுகளும் எழுத்தில் உங்கள் கையில் இருக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முன்சூல்வலிப்பின் கடுமையான வடிவம் ஒன்றில் கல்லீரல் நொதிகள் உயரும், தட்டணுக்கள் சரியும், வலது விலாவுக்குக் கீழே வலிக்கும். ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்த பெண்ணுக்கு 32ஆவது வாரத்தில் நொதிகள் ஏறினால், ‘பழைய கல்லீரல் தொல்லைதானே’ என்று வீட்டாரும் நினைக்கலாம், அவசரத்தில் பார்க்கும் மருத்துவரும் நினைக்கலாம். அந்தத் தவறான ஆறுதல்தான் உங்கள் விஷயத்தில் நான் அஞ்சுவது. இன்றைய அளவு கையில் இருந்தால் புதிதாக ஏறியது எது என்பது உடனே தெரிந்துவிடும். அதேபோல், சிறுநீரில் புரதம் இப்போதே இருந்தால் அது முன்சூல்வலிப்பு அல்ல. சிறுநீரகத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

20 வாரத்துக்குப் பிறகு வீட்டிலேயே வாரம் சில முறை பிபி பார்ப்பது நல்லது. விடாத தலைவலி, கண் மங்கல் அல்லது மின்னுவது போன்ற தோற்றம், மேல் வயிற்று வலி, முகமும் கைகளும் திடீரென வீங்குவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பிபி 160/110 ஐத் தொட்டால் நேரம் எதுவானாலும் அவசரம்தான். மருந்து தேவைப்பட்டால், உங்களுக்கு ஹெபடைடிஸ் பி இருப்பதை நினைவூட்டுங்கள். கர்ப்ப காலத்தில் பரவலாகத் தரப்படும் மெத்தில்டோபா, கல்லீரல் அழற்சி உள்ள சமயத்தில் ஏற்றதல்ல. நிஃபெடிபின் போன்ற மாற்று மருந்துகள் இருக்கின்றன.

குழந்தைக்குக் கிருமி போகாமல் தடுப்பது தனி வேலை, நல்லபடியாகச் செய்ய முடிந்த வேலை. ரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்ப்பார்கள். மில்லிலிட்டருக்கு 2,00,000 சர்வதேச அலகுக்கு மேல் இருந்தால் 28ஆவது வாரம் வாக்கில் டெனோஃபோவிர் மாத்திரை தொடங்குவது வழக்கம். பிறந்த 12 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசியும், கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும். பிரசவம் எங்கே என்பதை முடிவு செய்யும்போதே அந்த ஊசி அங்கே கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். இந்தக் கிருமிக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை; தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். உங்கள் கணவரும் பரிசோதித்துக்கொண்டு, தொற்று இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும்.

பிரசவம் முடிந்ததும் பலர் பிபி பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு வரும் முதல் வாரத்தில், குறிப்பாக 3 முதல் 6ஆம் நாள் வரை, ரத்த அழுத்தம் மீண்டும் உயரக்கூடும். ஹெபடைடிஸ் பி கிருமியும் பிரசவத்துக்குப் பின்வரும் மாதங்களில் சிலருக்குத் தலைதூக்கும். எனவே வீட்டுக்குப் போன பிறகும் சில வாரங்கள் பிபி பாருங்கள். கல்லீரல் பரிசோதனையை 6 மாதம் வரை விடாமல் செய்துகொள்ளுங்கள்.