வெண்டெல் ஸ்காட் ஏறக்குறைய 500 கார் பந்தயங்களில் ஓட்டியும் ஒன்றில் மட்டும் வென்றது ஏன்?

திறமைக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் வெர்ஜீனியாவின் டான்வில் நகரில் 1921இல் பிறந்த கறுப்பின ஓட்டுநர் இவர். முதலில் டாக்சி ஓட்டுநர், பிறகு இரண்டாம் உலகப் போரில் ராணுவ மெக்கானிக். கள்ளச்சாராயமும் கடத்தியிருக்கிறார். போலீஸ் துரத்தும்போது இரவில் ஓட்டிய அந்த ஓட்டம்தான் பந்தயத்துக்கும் கைகொடுத்தது.

அமெரிக்க கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் உச்சப் பிரிவில் 1961 முதல் 1973 வரை 495 பந்தயங்கள் ஓட்டினார். 147 முறை முதல் பத்து இடங்களுக்குள் வந்தார். பெரிய நிறுவன ஆதரவு கிடையாது. மற்றவர்கள் ஓட்டிப் பழசாக்கிய காரை வாங்கித் தானே பழுது பார்ப்பார். பந்தய நடுவே டயர் மாற்றுவது பெரும்பாலும் பெற்ற பிள்ளைகள். புது இன்ஜினும் சம்பளத்துக்கு ஆட்களும் வைத்திருந்தவர்களோடு இப்படித்தான் மோதினார்.

அந்த ஒற்றை வெற்றியையும் நிம்மதியாகக் கொண்டாட விடவில்லை. 1963 டிசம்பர் 1, ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் மண் தடம். முதலில் வந்தது ஸ்காட். ஆனால் இன்னொரு ஓட்டுநரான பக் பேக்கர் ஜெயித்ததாக அறிவித்து அவரிடம் கோப்பையைக் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்த பிறகே சுற்றுகளை மறுபடி எண்ணி, ஸ்காட்தான் வென்றவர் என்று ஒப்புக்கொண்டார்கள். அதை எண்ணிக்கைப் பிழை என்று ஸ்காட் குடும்பம் ஏற்கவில்லை, என்னாலும் முடியவில்லை.

1973இல் அலபாமாவின் டல்லடேகா தடத்தில் நடந்த பெரும் விபத்து அவர் பந்தய வாழ்வை ஏறக்குறைய முடித்துவிட்டது. 1990இல் இறந்தார். ஜாக்சன்வில் வெற்றிக்கான கோப்பையை நாஸ்கார் 2021இல்தான் அவர் குடும்பத்திடம் கொடுத்தது.