செடிச்சாற்றில் மலேரியா ஒட்டுண்ணி செத்தது: அடுத்து என்ன செய்வது?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு மாணவி நான். பழைய மருத்துவ நூல்களில் காய்ச்சலுக்குச் சொல்லப்பட்ட 14 செடிகளிலிருந்து மெத்தனால் சாறு எடுத்து, ஆய்வகத்தில் வளர்க்கும் பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்தின் மீது சோதித்தேன். ஒரு செடியின் இலைச்சாற்றுக்கு ஐசி50 (ஒட்டுண்ணியின் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கும் செறிவு; எண் குறையக் குறைய வீரியம் கூடுதல்) மில்லிலிட்டருக்கு 12 மைக்ரோகிராம் வந்தது. உடனே தூய சேர்மத்தைப் பிரிக்க இறங்கலாமா, முதலில் எலியில் பார்க்க வேண்டுமா? இதைக் கஷாயமாக இப்போதே நோயாளிகளுக்குக் கொடுக்கலாமே என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கொடுக்கக் கூடாது. ஃபால்சிபாரம் மலேரியாவுக்குச் சிகிச்சை தாமதமானால், 24 மணி நேரத்துக்குள்கூட உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போய்விடலாம். ஆர்டிமிசினின் மருந்தைத் தந்த ஆர்டிமிசியா செடியையே தேநீராகவோ பொடியாகவோ மலேரியாவுக்குப் பயன்படுத்துவதை உலக சுகாதார நிறுவனம் ஆதரிக்கவில்லை. ஒரு கோப்பையில் எவ்வளவு மருந்து இறங்கியிருக்கிறது என்பது செடிக்குச் செடி, கொதிக்கு கொதி மாறும். அளவு போதாமல் போனால் நோய் திரும்ப வரும். உங்கள் செடியிலோ வேலை செய்யும் பொருள் எது என்றே இன்னும் தெரியாது.

சரி, 12க்கு வருவோம். கச்சாச் சாறு 5க்குக் கீழே வந்தால் நல்ல வீரியம், 5 முதல் 15 வரை வந்தால் தொடர்ந்து பார்க்கலாம் என்று இந்தத் துறையில் பலர் ஒரு கோடு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்குள் நீங்கள் இருக்கிறீர்கள். ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலை செய்யும் சேர்மம் சாற்றின் எடையில் 0.1 சதவீதம்தான் என்றால், அதன் சொந்த ஐசி50 சுமார் 0.012 மைக்ரோகிராம். இது மலேரியா மருந்தான குளோரோகுயினுக்குப் பக்கத்தில் நிற்கும் வீரியம். அதே சேர்மம் 10 சதவீதம் இருந்தால் 1.2 மைக்ரோகிராம், அப்படிப்பட்டவை ஆய்வுக் கட்டுரைகளில் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. 12 என்ற எண் இரண்டில் எது என்று சொல்லாது.

அதனால் பிரித்தெடுப்பதற்கு முன்னால், உங்கள் முடிவு பொய் என்று நிரூபிக்க நீங்களே முயன்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் தாண்டிவிடும் கட்டம் இதுதான். ஒட்டுண்ணி வாழ்வது சிவப்பணுவுக்குள். சப்போனின் (சோப்பு போல நுரைக்கும் செடிப்பொருள்) நிறைந்த சாறு அந்த அணுவையே உடைத்துவிடும். வீடு இடிந்து குடியிருந்தவன் செத்தால் அது மருந்தின் வேலை ஆகாது. லுப்பியால் போன்ற டிரைடெர்பீன்கள் என்ற செடிச் சேர்மங்கள் இன்னும் தந்திரமானவை. சிவப்பணுவை உடைக்காமல், அதன் உறைக்குள் புகுந்து வடிவத்தை மட்டும் மாற்றி ஒட்டுண்ணியை வளரவிடாமல் செய்யும். ஒட்டுண்ணி இல்லாத சிவப்பணுக்களைச் சாற்றில் ஊறவைத்து, கழுவி, பிறகு அவற்றில் ஒட்டுண்ணியை வளர்த்துப் பாருங்கள். அப்போதும் வளரவில்லை என்றால் சந்தேகம் அணுவின் மீதுதான்.

இன்னொரு பொறி நிறம். இலைச்சாறு என்றால் பச்சையம் இருக்கும். நீங்கள் சைபர் கிரீன் (டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும் சாயம்) ஒளிர்வை வைத்து எண்ணியிருந்தால், அந்த ஒளிர்வைச் சாறே விழுங்கியிருக்கலாம். கீம்சா சாயமிட்ட ஸ்லைடில் கண்ணால் எண்ணிச் சரிபாருங்கள். செடிகளின் துவர்ப்புப் பொருளான டானின்கள் புரதங்களையெல்லாம் பிடித்துக்கொள்ளும். பாலிஅமைடு நிரலில் (சாற்றை ஊற்றி வடித்துப் பிரிக்கும் குழாய்) அவற்றை நீக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். மனித செல்களின் மீதும் பார்த்தாக வேண்டும். அங்கே பாதி செல்களைக் கொல்லும் செறிவு உங்கள் 12ஐப் போல 10 மடங்காவது, அதாவது 120க்கு மேல், இருந்தால்தான் மேலே போவதில் அர்த்தம். கானாவில் மலேரியாவுக்குக் கஷாயமாகக் கொடுக்கப்படும் கிரிப்டோலெபிஸ் வேரிலுள்ள கிரிப்டோலெபின் ஒட்டுண்ணியை நன்றாகவே கொல்கிறது. ஆனால் அது டிஎன்ஏ இழைக்குள் செருகிக்கொள்ளும் பொருள், நம் டிஎன்ஏ உட்பட.

இத்தனையும் தாங்கினால், சாறு எடுத்த முறைக்குத் திரும்புங்கள். சீன விஞ்ஞானி து யோயோவின் குழு நூற்றுக்கணக்கான சாறுகளைச் சலித்தபோது, சிங்ஹாவ் என்ற செடி (ஆர்டிமிசியாவின் சீனப் பெயர்) ஒருமுறை நல்ல பலன் காட்டி, அடுத்தடுத்த சோதனைகளில் ஏமாற்றியது. செடியைக் கைவிட்டிருக்கலாம். அவர் பழைய நூல்களைத் திரும்பப் புரட்டினார். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹோங், ஒரு கைப்பிடி சிங்ஹாவை நீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைக் குடி என்று எழுதியிருந்தார். கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரால் எடுத்தார். 1971 அக்டோபரில் அந்தச் சாறு எலிகளில் ஒட்டுண்ணியை முழுவதுமாக அடக்கியது. மருந்து இலையில்தான் இருக்கிறது, பறிக்கும் காலத்தைப் பொறுத்து அளவு மாறுகிறது என்பதும் தெரியவந்தது. அந்த வேலைக்குத்தான் 2015இல் நோபல் பரிசு. நீங்கள் சாக்ஸ்லெட் என்ற சாறெடுக்கும் கருவியில் மணிக்கணக்கில் சூடாக்கினீர்களா, குளிர்ந்த மெத்தனாலில் ஊறவைத்தீர்களா என்று எழுதவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் செய்துபாருங்கள். பலன் காட்டாத மற்ற 13 செடிகளையும் தூக்கி எறிய வேண்டாம்; அவற்றில் சில, தவறான முறையில் எடுக்கப்பட்ட நல்ல செடிகளாக இருக்கலாம். இன்னொன்று, நூலில் 'காய்ச்சல்' என்று இருந்தால் அது மலேரியாதான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. விட்டு விட்டு வரும் குளிர்காய்ச்சல், முறைக்காய்ச்சல் என்று விவரித்திருக்கும் இடங்களுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

எலியா, பிரித்தெடுப்பா? இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. சாற்றை ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், நீர் என்று மூன்று பங்காகப் பிரியுங்கள், ஒருநாள் வேலைதான். வீரியம் ஒரு பங்கில் குவிந்து, அங்கே ஐசி50 2, 3 என்று இறங்கினால் நம்பிக்கை வைக்கலாம். மூன்றிலும் சமமாகப் பரவியிருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். பிறகு அந்தப் பங்கை எல்சி-எம்எஸ்ஸில் (சேர்மங்களைப் பிரித்து எடையால் அடையாளம் காணும் கருவி) ஓட்டி, ஏற்கெனவே தெரிந்த சேர்மங்களின் நிறமாலையோடு ஒப்பிடுங்கள். நான் இதைச் செய்யாமல் மூன்று மாதம் நிரல் நிரலாகப் பிரித்து, கடைசியில் மஞ்சளாய் மின்னும் பெர்பெரினைக் கையில் ஏந்தி நின்றவன். எத்தனையோ செடிகளில் இருக்கும் பொருள் அது!

செறிவூட்டிய அந்தப் பங்கை வைத்துத்தான் எலிக்குப் போக வேண்டும், விலங்கு நெறிக்குழுவின் அனுமதியோடு. வழக்கமாகச் செய்வது பீட்டர்ஸின் நான்கு நாள் சோதனை: எலிகளைத் தாக்கும் மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் பெர்கையைச் செலுத்தி, அன்றிலிருந்து தொடர்ந்து நான்கு நாள் மருந்து கொடுத்து, பிறகு ரத்தத்தில் ஒட்டுண்ணியை எண்ணுவது. வாய்வழியாகவும் கொடுத்துப் பாருங்கள். வயிற்றறை ஊசியில் மட்டும் பலன் தந்தால் பாதி வழிகூட வரவில்லை. எலிகளின் எடையையும் தினமும் குறியுங்கள். சாறு பிடிக்காமல் எலி பட்டினி கிடந்தாலே ஒட்டுண்ணி குறையும். வேம்பிலிருந்து வரும் கெடுனின் கண்ணாடித் தட்டில் பிரமாதம், எலியில் சொதப்பல். உடலின் வளர்சிதை மாற்றம் அதை உருக்குலைத்துவிடுகிறது.

தூய சேர்மம் கிடைத்தாலும் அதுவே மருந்தாக வேண்டியதில்லை. சீனாவில் மலேரியாவுக்குக் கொடுத்துவந்த சாங்ஷான் செடியின் ஃபெப்ரிஃபியூஜின் வீரியமானது, ஆனால் கடுமையாக வாந்தி வரவழைக்கும். லாப்பச்சோலின் குடும்பத்து நாஃப்தோகுயினோன்களை மாற்றி மாற்றி அமைத்த வழியில்தான் அடோவகுயோன் என்ற மலேரியா மருந்து பிறந்தது. அது வேதியியலாளர்களின் வேலை. இப்போதே ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் காகித வேலை. செடியின் மாதிரியை ஒரு ஹெர்பேரியத்தில் (உலர்த்திய செடிகளின் காப்பகம்) சேர்த்து எண் வாங்குங்கள். இல்லாவிட்டால் எந்தச் செடி என்று நாளை யாராலும் உறுதிசெய்ய முடியாது. அந்த அறிவை ஒரு சமூகத்திடமிருந்து பெற்றிருந்தால், 2014 முதல் அமலில் உள்ள நகோயா நெறிமுறை என்ற சர்வதேச ஒப்பந்தப்படி முன் சம்மதமும் பலன் பகிர்வும் பேசப்பட்டிருக்க வேண்டும். பிரெஞ்சு கயானாவில் மக்களிடம் கேட்டறிந்த குவாசியா செடியிலிருந்து கிடைத்த சிமாலிகலாக்டோன் ஈ சேர்மத்துக்குக் காப்புரிமை எடுத்தது பின்னர் பெரிய சர்ச்சையானது. சம்மதத்தை எழுத்தில் வாங்கியிருக்கிறீர்களா என்று இந்த வாரமே பாருங்கள். வாங்கவில்லை என்றால், கட்டுரை அனுப்புவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.