தம்பி தன் ஊசியை யாருக்கும் தருவதில்லை. அப்படியென்றால் தொற்று வராதா?

கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம்: தம்பிக்கு 22 வயது. நண்பர்களோடு சேர்ந்து வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறான். வீட்டில் தெரிந்து பெரிய சண்டை. "என் ஊசி எனக்கு மட்டும்தான், எனக்கு எய்ட்ஸெல்லாம் வராது" என்கிறானாம். அதை நம்பலாமா என்பது கேள்வி.

நம்ப வேண்டாம். உங்கள் தம்பி பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நம்ப வேண்டாம்.

வடசென்னையில் ஊசிப் பழக்கம் உள்ளவர்களுக்காக நடந்த ஒரு திட்டத்தில் நர்ஸாக வேலை பார்த்தேன். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவது, புது ஊசி கொடுத்துப் பழையதைத் திரும்ப வாங்குவது, இதெல்லாம்தான் வேலை. "ஊசியை ஷேர் பண்றியா?" என்று கேட்டால் அநேகமாக எல்லாரும் "இல்லக்கா" என்பார்கள். "நேத்து எப்படிப் போட்டீங்க, முதல்ல இருந்து சொல்லு" என்றால்தான் விஷயம் வெளியே வரும்.

முழங்கை மடிப்பில் பெரிய சீழ்க்கட்டியோடு வந்த ஒரு பையன் அப்படித்தான் சொன்னான். மூன்று பேர், மூன்று புது ஊசி. சரி. ஆனால் மாத்திரை கரைத்தது ஒரே பாட்டில் மூடியில். வடிகட்டியது ஒரே துண்டுப் பஞ்சில். ஒருவனுக்கு முதல் குத்தில் நரம்பு கிடைக்கவில்லை. ரத்தம் ஏறிய அதே ஊசியை மறுபடி மூடிக்குள் விட்டு மிச்சத்தை உறிஞ்சியிருக்கிறான். முடிந்ததும் மூவரும் ஊசியை அலசியது ஒரே டம்ளர் தண்ணீரில். அந்த டம்ளரை அவன் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த வழியில் எளிதாகப் பரவுவது ஹெபடைட்டிஸ் சி. கல்லீரலைத் தாக்கும் வைரஸ். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் போதும். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட சோதனையில், சிரிஞ்சுக்குள் தங்கிய ரத்தத்தில் இந்த வைரஸ் 63 நாள் வரை உயிரோடு இருந்தது. ஊசிமுனை தனியாகக் கழலும் சிரிஞ்சில் ரத்தம் அதிகம் தங்கும். முனை சிரிஞ்சோடு ஒட்டியே வரும் இன்சுலின் சிரிஞ்சில் தங்குவது மிகக் குறைவு. இந்த நோய் வந்தால் பல வருடம் எந்த அறிகுறியும் இருக்காது. ஆள் நன்றாகச் சாப்பிடுவான், வேலைக்குப் போவான், கூட இருப்பவர்களுக்கும் கொடுத்துக்கொண்டிருப்பான்.

அப்புறம், யாருமே இல்லாமல் தனியாகப் போட்டாலும் வரும் தொற்று ஒன்று இருக்கிறது. அது அவன் தோலிலேயே இருக்கும் பாக்டீரியா. கை கழுவாமல், தோலைத் துடைக்காமல் குத்தும்போது ஊசியே அதை உள்ளே கொண்டுபோய் விடுகிறது. ஊசிமுனையை நாக்கால் நக்கிப் பார்க்கும் பழக்கமும் பலரிடம் உண்டு. வாயில் இருப்பதெல்லாம் நேராக ரத்தத்துக்குள் போகும். போதாததற்கு மாத்திரை என்பது வயிற்றுக்காகச் செய்தது. அதில் சேர்க்கும் மாவும் டால்க் பொடியும் எவ்வளவு கரைத்தாலும் முழுசாகக் கரையாது. ரத்தக் குழாயை அடைக்கும், நுரையீரல் வரை போய்ப் படியும். வடகிழக்கு மாநிலங்களில் ஸ்பாஸ்மோ ப்ராக்ஸிவான் என்ற வலி மருந்தின் காப்ஸ்யூலைக் கரைத்து ஏற்றியவர்களுக்குச் சீழ் பிடித்துக் கை கால் இழக்கும் வரை போயிருக்கிறது.

"வெளியாள் யாரும் இல்லை, எங்க செட்டு மட்டும்தான்" என்று தம்பி சொல்லக்கூடும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஆஸ்டின் என்று ஒரு சின்ன ஊர், சுமார் 4,000 பேர். அங்கேயும் வலி மாத்திரையைத்தான் கரைத்துப் போட்டார்கள், அதுவும் குடும்பத்துக்குள்ளும் நண்பர்களுக்குள்ளும். 2014 கடைசியில் முதல் சில எச்.ஐ.வி. நோயாளிகள் தெரியவந்தார்கள். ஒரு வருடத்தில் 181 பேர். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஹெபடைட்டிஸ் சியும் இருந்தது. புது ஊசி கொடுக்கும் திட்டத்துக்கு அந்த மாநிலத்தில் அப்போது சட்டமே இடம் தரவில்லை. 2015 மார்ச்சில் ஆளுநர் அவசரநிலை அறிவித்த பிறகுதான் கொடுக்க ஆரம்பித்தார்கள். தெரிந்தவர்கள் என்ற நம்பிக்கைதான் அங்கே ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தொற்றைக் கொண்டுபோனது.

அதனால் உங்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது, கோபத்தில் அவன் ஊசியைப் பிடுங்கி எறியாதீர்கள். கையில் ஊசி இல்லையென்றால் அன்றைக்குப் போடாமல் இருக்க மாட்டான், பக்கத்தில் இருப்பவனுடையதை வாங்குவான். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1980களில் போலீஸ் ஊசிகளைப் பறிமுதல் செய்தது, கடைகள் விற்க மறுத்தன. அங்கே ஒரு டாக்டரிடம் சிகிச்சைக்கு வந்த ஹெராயின் பழக்கக்காரர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது.

புது ஊசி கொடுப்பது போதைக்குத் துணை போவது என்று பலர் நினைக்கிறார்கள். பெற்றவர்களின் கோபம் புரிகிறது. ஆனால் ஊசி வாங்க வந்தவர்களிடம்தான் எங்களால் பரிசோதனை பற்றியும் சிகிச்சை பற்றியும் பேச முடிந்தது. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டமே, தொற்றைத் தடுக்க இப்படிக் கொடுப்பது குற்றம் இல்லை என்று சொல்கிறது.

விடுவதுதான் நல்லது. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஊசிக்குப் பதிலாக நாக்குக்கு அடியில் வைக்கும் ப்யூப்ரெனார்ஃபின் என்ற மாற்று மாத்திரை, அரசு ஆதரவில் நடக்கும் ஓ.எஸ்.டி. (மாற்று மருந்து சிகிச்சை) மையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் தம்பிக்கு அது பொருந்துமா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்வார். ஊசி நின்றாலே இந்தத் தொற்றுகளின் வாசல் மூடிவிடும். பக்கத்தில் மையம் எங்கே என்று 1097க்கு போன் செய்து கேட்கலாம், கட்டணம் இல்லை.

அதுவரை அவனிடம் சொல்ல வேண்டியது இது. ஒவ்வொரு தடவையும் புது ஊசி. மூடி, பஞ்சு, தண்ணீர் எல்லாமே அவனுக்கென்று தனியாக, டம்ளரும்தான். சோப்பு போட்டுக் கை கழுவணும், தோலை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கணும். தொடை இடுக்கிலும் கழுத்திலும் குத்தவே கூடாது. அரசு ஆஸ்பத்திரியில் ஐ.சி.டி.சி. என்ற ஆலோசனை, பரிசோதனை மையத்தில் எச்.ஐ.வி. சோதனை இலவசம், முடிவை ரகசியமாக வைத்திருப்பார்கள். கல்லீரலைத் தாக்கும் இன்னொரு வைரஸான ஹெபடைட்டிஸ் பிக்குத் தடுப்பூசி உண்டு, மூன்று தவணை. ஹெபடைட்டிஸ் சிக்குத் தடுப்பூசி கிடையாது, ஆனால் பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிறது. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அந்த மாத்திரையும் இலவசம்தான்.

ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கி, தொட்டால் சூடாக இருந்தால் பிதுக்கக் கூடாது, பிளேடால் கீறவும் கூடாது. டாக்டரிடம் போகணும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், மூச்சு வாங்குதல், பார்ப்பதற்குச் சின்னப் புண்ணாக இருந்தும் தாங்க முடியாத வலி, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். தொற்று இதய வால்வு வரை போயிருக்கலாம். அங்கே வெட்கப்பட்டு "சாதாரண காய்ச்சல்" என்று சொல்லிவிடாதீர்கள். ஊசி போடும் பழக்கம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் டாக்டர் ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையும், இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவும் எழுதுவார்.